பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள்

1. வேண்டுமென்றே செய்கிறார்

"இவரு வேணும்னே பண்றாரு மேடம். நீங்களே கேளுங்க."

அஞ்சலை நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொன்ன வார்த்தை இது. பக்கத்தில் அவர் கணவர் ஏழுமலை, வெளுத்த வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக, வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோலச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குவது என் வேலை. இதற்குத் தமிழில் அழகான பெயர் உண்டு. எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. "கட்டை அடுக்க வெக்கிற மேடம்" என்பார்கள். நானும் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்டதால் ஏழுமலை மாஸ்டரின் கேஸை எழுதுகிறேன். புத்தகத்தில் படித்ததைவிட இவரிடம் நான் தெரிந்துகொண்டது அதிகம். சாப்பிட்டதும் அதிகம்.

ஏழுமலை திருக்கோவிலூர்க்காரர். கல்யாணச் சமையல் மாஸ்டர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் பெயர் போட்டுப் பத்திரிகை அடிக்காததுதான் பாக்கி. பைக்கில் போகும்போது கரும்பு டிராக்டர் ஒன்றின் பின்னால் மோதி நெற்றியில் பலமான அடி. தையல் ஆறிவிட்டது. கை, கால், பேச்சு எல்லாம் சரி. ஞாபக சக்தியைச் சோதிக்க, ஐந்நூறு பேர் சாம்பாருக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். பருப்பில் தொடங்கிப் பெருங்காயம் வரை மூச்சு விடாமல் ஒப்பித்தார். அவருக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்த டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது.

"அப்ப என்னதான்மா பிரச்சனை?" என்று அஞ்சலையிடம் கேட்டேன்.

"தக்காளி வாங்கியாரச் சொன்னா கடை சாத்தி இருக்குதுன்னு அங்கியே நின்னுக்கினு இருக்காரு மேடம். பக்கத்துலயே இன்னொரு கடை இருக்குது. போவ மாட்டாரு. இன்னான்னு கேட்டா, 'நீ இந்தக் கடைலதான சொன்ன'ன்னு என்னயே கேக்கறாரு. அடி பட்டதுலேர்ந்து அவ்ளோ திமிரு."

அதற்குப் பிறகு திருநாவலூர்க் கல்யாணத்தைச் சொன்னார். எண்ணெய்க் கத்திரிக்காய் என்று பேசியிருந்தார்கள். கத்திரிக்காய் ஏற்றிய வண்டி வரவில்லை. பெண் வீட்டார் பதறிப்போய்க் கிடைத்த பூசணிக்காயை வாங்கிக் கொண்டுவந்து கொட்டினார்கள். பழைய ஏழுமலை என்றால் அதைப் பார்த்ததும் "கூட்டு வெச்சுடலாம், போங்க" என்று சிரித்திருப்பார். இவர் கத்திரிக்காய்க்கு மசாலா அரைத்துக்கொண்டே இருந்தார். பூசணிக்காயை ஓரமாகத் தள்ளிவிட்டு, கத்திரிக்காய் எங்கே என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டார். முதல் பந்தி எழுந்திருக்க வேண்டிய நேரத்தில்தான் உட்காரவே செய்தது. சம்பந்திகளுக்குள் வாய்த்தகராறு. அதோடு ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. பேசி வைத்திருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கை மாறின.

அவருடைய சமையல் செட்டில் இருந்த ஆட்களும் வேறு மாஸ்டர்களிடம் போகத் தயாராகிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கல்யாணம். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில். அடிபடுவதற்கு முன்பே பேசியது. பெண்ணின் அப்பா கோவிந்தன், கொடுத்த வாக்கை மாற்றிக்கொள்ளாத மனிதர்.

"அதுவும் இப்டி ஆயிட்டா செட்டு கலஞ்சிடும் மேடம்" என்றார் அஞ்சலை. "அப்பறம் இவர யாரு கூப்புடுவாங்க?"

ஏழுமலை அப்போதுதான் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தார். "நான் அடுப்பாண்ட நிக்கலாமா கூடாதா, அத்த மட்டும் சொல்லுங்க மேடம். வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

2. சீட்டு

எங்களிடம் ஒரு சோதனை உண்டு. சீட்டுக்கட்டு மாதிரி இருக்கும். சீட்டுகளில் வட்டம், முக்கோணம், நட்சத்திரம், பல நிறங்களில். இனம் பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். எந்த இனம் என்று நான் சொல்ல மாட்டேன். வைத்ததைப் பார்த்து 'சரி', 'தப்பு' மட்டும் சொல்வேன். அதைக் கொண்டு அவரே கண்டுபிடிக்க வேண்டும்.

நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்பதை மாஸ்டர் சட்டென்று பிடித்துவிட்டார். சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை. எனக்கே பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நான் சத்தமில்லாமல் விதியை மாற்றினேன். இப்போது உருவம் பார்த்து வைக்க வேண்டும்.

சிவப்பைச் சிவப்பின் மேல் வைத்தார்.

"தப்பு."

"ம்." அடுத்த சிவப்பையும் அங்கேயே வைத்தார்.

"தப்பு மாஸ்டர்."

"தெரியுது மேடம். இப்ப கலரு இல்ல. வேற எதோ." சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டையும் சிவப்பின் மேலேயே வைத்தார். வைத்த கையைத் தானே பார்த்தார். "நான் வேணாம்னுதான் சொல்றன். அது போவுது."

பின்னால் உட்கார்ந்திருந்த அஞ்சலை எழுந்து வந்தார். "தப்புன்னு அவரே சொல்றாரு. அப்பறம் ஏன் மேடம் அங்கியே வெக்கிறாரு?"

"அதுதாம்மா அடி பட்ட இடம்" என்றேன்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி என்ன செய்கிறது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது நான் படும் பாட்டை, அன்று ஒரு கல்யாண அடுப்படி சுலபமாக்கிவிட்டது. எந்த அடுப்பில் எது முதலில் ஏற வேண்டும் என்று திட்டம் போடுவது, சாம்பாரில் புளி விட்டாயிற்று என்பதை நினைவில் பிடித்து வைத்திருப்பது, வேகாததைக் கிளறப் போகும் கையை அடக்குவது, கத்திரிக்காய் வராவிட்டால் பூசணிக்காய்க்குத் தாவுவது. இவற்றையெல்லாம் சேர்த்து எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்கிறோம். கடைசியாகச் சொன்ன தாவல்தான் காக்னிட்டிவ் ஃப்ளெக்ஸிபிலிட்டி, மன நெகிழ்வு. மற்ற மூன்றும் ஓரளவு இருந்து இது மட்டும் போய்விட்டால், ஆளுக்கு எல்லாம் தெரியும், எதையும் மாற்ற வராது. பார்க்கிறவர்களுக்கு அது வியாதியாகத் தெரியாது. பிடிவாதமாகத் தெரியும், திமிராகத் தெரியும், பொண்டாட்டியை மட்டம் தட்டுவதாகத் தெரியும்.

அஞ்சலைக்கு இதையெல்லாம் இத்தனை நீளமாகச் சொல்லவில்லை. "அவரு வேணும்னு செய்யல. மாத்திக்கிற விசை அடிபட்டுப் போச்சு" என்று மட்டும் சொன்னேன். அவர் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"வாய்க்கு வந்தத எல்லாம் பேசிட்டனே மேடம்."

"நீ எப்பதான் பேசல" என்றார் மாஸ்டர், சீட்டைப் பார்த்தபடி. விசை போனாலும் வாய் போகவில்லை. எனக்கு அந்த இரண்டு பேரையும் அந்த நிமிஷமே பிடித்துப்போனது.

3. ரசம்

மையத்துக்குள் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம். ஆள் வேலை செய்யும் இடத்தைப் போய்ப் பார்க்காவிட்டால் பாதி கதை தெரியாது. திருக்கோவிலூரில் அவர்களுடைய உறவுக்காரர் வீட்டில் ஒரு காதுகுத்து வந்தது. சின்ன விசேஷம் என்பதால் மாஸ்டரையே நிற்கச் சொன்னார்கள். நான் ஓர் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

அந்த அடுப்படியில் முதலில் என் காதில் பட்டது சத்தம் இல்லாததுதான். விறகு வெடிக்கிறது, கரண்டி இடிக்கிறது, மனிதக் குரல் மட்டும் இல்லை. மாஸ்டர் அடுப்பின் முன் நிற்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் செட்டின் வழக்கம். உப்பு அவர் கையால் மட்டும்தான் விழ வேண்டும். அண்டாவை இறக்கு என்று அவர் சொல்லாமல் ஒருவரும் துணியை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. கெடுபிடி என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு தலை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும்போது, இடையில் பேசி அதைக் கலைக்காமல் இருப்பதுதான் மற்றவர்கள் செய்யக்கூடிய உதவி. அந்தத் தலை நன்றாக இருந்த காலத்தில் அது நல்ல ஏற்பாடுதான்.

மாஸ்டர் ரசத்துக்கு உப்புப் போட்டார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்து வாழை இலை எங்கே இறக்குவது என்று கேட்டார். மாஸ்டர் திரும்பிப் பதில் சொன்னார். மறுபடி ரசத்தின் பக்கம் திரும்பினார், உப்புப் பாத்திரத்தில் கையை விட்டு இன்னொரு முறை போட்டார். ரசத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த முருகேசன் பார்த்தார், வெங்காயத்தைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

நான் அந்த ரசத்தைச் சாப்பிட்டேன். அதைப் பற்றி வேறொன்றும் சொல்ல விரும்பவில்லை.

பந்தி முடிந்ததும் முருகேசனைத் தனியாகப் பிடித்தேன். "ரெண்டாவது தடவை உப்பு போட்டத பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் மேடம்."

"சொல்லியிருக்கலாமே?"

"மாஸ்டர் கை உப்புல பேசக் கூடாதுங்க. எங்க தொழில்ல அது கெடையாது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நான் கரண்டி புடிச்சதே அவருகிட்டதான் மேடம். அவரு தப்பு பண்ணிக்கினு இருக்காருன்னு நான் போயி எப்டி சொல்றது? சொல்லி அவரு மூஞ்சி சுருங்கிப்போச்சுன்னா?"

அவர் கண் கலங்கியிருந்தது. மாஸ்டரை விட்டுப் போக நினைத்தவர்களில் முருகேசனும் ஒருவர் என்று அஞ்சலை சொல்லியிருந்தார். காரணம் இதுதான் என்று அப்போது புரிந்தது. பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பது அவருக்குத் தாங்கவில்லை.

4. மணி, விசில், சிவப்புத் துணி

அடிபட்ட மூளையில் அந்த விசையைத் திரும்பப் பொருத்த முடியுமா என்று கேட்டால், நேர்மையான பதில் கொஞ்சம்தான் முடியும் என்பது. பழக்கிய வேலையில் முன்னேற்றம் வரும், பழக்காத வேலையில் வழுக்கும். ஆகவே வெளியிலிருந்து யாராவது அல்லது ஏதாவது அந்த நேரத்தில் நிறுத்திக் கொடுத்தால், நின்றபின் யோசிக்க அவருக்கு முடியும். 'நிறுத்து, பார், மாத்து' என்று மூன்று சொல் வைத்துக்கொண்டோம். நிறுத்துவதுதான் கஷ்டம். மீதி இரண்டும் அவருக்கே வந்தது.

மையத்தில் பழகுவதற்கென்று ஒரு சமையலறை உண்டு. மாஸ்டர் அங்கே ரவா உப்புமா செய்வார். தாளிப்பு முடியும் நேரத்தில் நான் போய், "ரவை வேணாம், சேமியா போடுங்க" என்பேன். "ஆவட்டும் மேடம்" என்று சொல்லிவிட்டு ரவையைக் கொட்டுவார். மணி அடித்துப் பார்த்தேன், கல்யாண வீட்டில் இல்லாத மணியா, அவர் திரும்பவே இல்லை. விசில் ஊதினேன். குக்கர் என்று நினைத்தார். சிவப்புத் துணியைக் காட்டினேன். "கைப்புடித் துணியா? அங்க வெச்சுடுங்க" என்றார். "மாஸ்டர், மாஸ்டர்" என்று கத்தினால் "இரு, வரேன்" என்று ஒரு பதில் வரும். கை அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வாழ்நாளெல்லாம் ஆயிரம் பேர் கூப்பிட்டுக் கேட்ட வார்த்தை அது. வேலையோடு வேலையாகக் கலந்துவிட்டது.

ஒரு நாள் அவர் ரவையைக் கையில் எடுத்திருந்தார். நான் தோற்றுப்போய் நின்றுகொண்டிருந்தேன். வெளியே ரிசப்ஷனில் இருக்கும் பெண், அடுத்த ஆளை அனுப்புவதற்காக, வழக்கமான அவளுடைய இடிக்குரலில் கூப்பிட்டாள்: "ஏழுமலை."

அடுத்தவர் பெயரும் அதுதான். மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. ரவையும் நின்றது. வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். "சேமியான்னு சொன்னீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு ரவையைக் கீழே வைத்தார்.

நான் உடனே அந்தப் பெண்ணிடம் போய் இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிடச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். மறுபடியும் நின்றார்.

"இன்னா ஆவுது மாஸ்டர், பேரு கேட்டா?" என்று அவர் பாணியிலேயே கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல வாத்தியாரு கூப்ட்டா மாரி இருக்குது மேடம். தூக்கிவாரிப் போடுது. மொட்டையா என் பேர யாரு சொல்றா இப்ப? எங்கம்மா போனப்பறம் ஒருத்தரும் கெடையாது."

வழி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்று சாயங்காலமே முருகேசனையும் அஞ்சலையையும் வரவழைத்தேன். வெள்ளிமலைக் கல்யாணத்தில் ஏதாவது மாறினால், மாஸ்டர் பழைய வழியிலேயே போனால், முருகேசன் பக்கத்தில் போய் 'ஏழுமலை' என்று சத்தமாகக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் என்றேன்.

முருகேசன் எழுந்தே நின்றுவிட்டார். "அதுக்கு நீங்க என்னயச் செருப்பால அடிச்சுடுங்க மேடம்."

"அவரே கேக்கறாரு முருகேசன்."

"கேப்பாரு. நான் சொல்லணுமே."

மாஸ்டர் சிரித்தார். "சொல்லுடா. நான்தான சொல்றன்."

முருகேசன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை சொன்னார். பக்கத்தில் கொசு இருந்திருந்தால் அதற்குக் கேட்டிருக்கும். நான் அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் ஆட்டினார். "என்னப் பாக்காதீங்க மேடம். கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து அவரு பேர நான் வாயால சொன்னதே இல்ல. ரேஷன் கடைல கேட்டாகூட பக்கத்துல இருக்கறவங்களதான் சொல்லச் சொல்லுவேன்." பிள்ளைகள் இதைப் படித்துச் சிரிக்கலாம். எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் பலர் இன்றும் அப்படித்தான். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

5. வெள்ளிமலை

கல்யாணத்துக்கு முதல் நாள் மலை பஸ்ஸில் ஏறினோம். நானும் அஞ்சலையும் ஒரு சீட்டில். வளைவுக்கு வளைவு அவர் கும்பிட்டுக்கொண்டே வந்தார். சாமியையா டிரைவரையா என்று கேட்கவில்லை. பாத்திரங்களோடு செட்டு ஒரு ஜீப்பில் முன்னாலேயே போய்விட்டது.

இரவெல்லாம் மழை. காலையில் எழுந்தால் கோவிந்தன் கவலையோடு நிற்கிறார். மலைப் பாதையில் மரம் விழுந்து வழி அடைத்துவிட்டதாம். அரிசி மூட்டை ஏற்றிய வண்டி கீழேயே நிற்கிறது. காய்கறி, பருப்பு எல்லாம் முதல் நாளே வந்துவிட்டது. அரிசி மட்டும் இல்லை.

"எங்க வூட்டுல சாமை குத்தி வெச்சது இருக்குதுங்க" என்றார் கோவிந்தன். "அக்கம்பக்கத்து வூடுங்கள்லயும் கேட்டா குடுப்பாங்க. அதயே பொங்கிடலாம். எங்க சனத்துக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல. ஆவுமாங்க மாஸ்டர்?"

நான் மாஸ்டரைப் பார்த்தேன். சாமை சீக்கிரம் வெந்துவிடும். அரிசி வேகும் நேரத்துக்கு விட்டால் குழைந்து கூழாகிவிடும். அதே அண்டா, அதே அடுப்பு, அதே உலைநீர், விதி மட்டும் வேறு. என் சீட்டுச் சோதனையை யாரோ மலையில் ஏற்றி அடுப்பில் வைத்த மாதிரி இருந்தது.

"ஆவும். சாமைக்கு நின்னு பாக்கணும், சட்டுனு வெந்துரும்" என்றார் மாஸ்டர். தெளிவாகச் சொன்னார். அவருக்குத் தெரியும். தெரிந்திருப்பது எப்போதுமே அவருக்குப் பிரச்சனையாக இருந்ததில்லை.

உலை கொதித்தது. சாமையைக் கழுவிக் கொட்டினார்கள். கொட்டியதும் மாஸ்டர் திரும்பிச் சாம்பாரைப் பார்க்கப் போனார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அரிசி போட்ட பிறகு அவர் போகும் வரிசை அது. சாம்பார், பிறகு கூட்டு, பிறகு வடை எண்ணெய், கடைசியில் திரும்பி வந்து சோற்றுப் பதம். அத்தனை வருஷக் கல்யாணங்களில் கால் பழகிய பாதை.

நான் பந்தலின் ஓரத்தில் பீன்ஸ் நறுக்கும் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அஞ்சலை. அடுப்பு வரிசை கண்ணுக்கு எதிரே இருந்தது. முருகேசன் சாமை அண்டாவின் பக்கத்தில் நின்றார். நுரை பொங்கி அடங்கியது. அவர் எட்டிப் பார்த்தார். மாஸ்டர் கூட்டில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்" என்றார் முருகேசன்.

"இரு, வரேன்."

முருகேசன் கரண்டியால் கொஞ்சம் எடுத்து நசுக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "மாஸ்டர்" என்றார் மறுபடி, கொஞ்சம் உரக்க.

"இருடா." மாஸ்டர் வடை எண்ணெய்க்கு நகர்ந்தார்.

முருகேசன் வாயைத் திறந்தார். அந்த வார்த்தைதான் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. கல்யாணத்துக்கு வந்த மலைச் சனம் பந்தலில் நிறைந்திருந்தது. செட்டு ஆட்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணியை எடுத்து அண்டாவை இறக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த மனிதரின் அடுப்பில், அவர் சொல்லாமல், அவர் கண்ணெதிரே இறக்குவது பெயர் சொல்வதைவிட அவருக்குப் பெரிய அவமானம்.

நான் கூப்பிட்டிருக்க முடியும். வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அடுத்த கல்யாணத்தில் நான் இருக்கப்போவதில்லை. இந்த ஆட்களில் ஒருவர் கூப்பிடாமல் நான் கூப்பிட்டால் இன்றைக்குச் சாமை தப்பிக்கும், மாஸ்டர் தப்பிக்க மாட்டார். இப்படியெல்லாம் நியாயமாக யோசித்தாலும், ஒரு வீட்டுக் கல்யாணச் சோறு கூழாவதைக் கைகட்டிப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

பக்கத்தில் கத்தி தட்டில் விழும் சத்தம் கேட்டது. அஞ்சலை எழுந்து நின்றிருந்தார்.

"ஏழுமலை."

பந்தல் முழுக்கக் கேட்டது. நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். மாஸ்டரின் ஜல்லிக்கரண்டி எண்ணெய்க்கு மேலே நின்றது. அவர் திரும்பி, யார் கூப்பிட்டது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் மனைவியின் முகத்தில் வந்து நின்றார்.

"சாமை" என்றார் அஞ்சலை. அண்டாவைக் கையால் காட்டினார்.

மாஸ்டர் அண்டாவைப் பார்த்தார். "முருகேசா, எறக்கு. வடி, வடி" என்றார். நான்கு பேர் பாய்ந்தார்கள்.

அடியில் கொஞ்சம் குழைந்திருந்தது. மேலே இருந்தது நன்றாகவே இருந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்த கோவிந்தன் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கொழைவுதான். பரவால்ல, பல்லு போனவங்களுக்குச் சவுரியம்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது அண்டா ஏறியது. சாமை கொட்டினார்கள். மாஸ்டர் சாம்பார்ப் பக்கம் நடந்தார். முருகேசன் இந்த முறை நேரத்தைக் கடத்தவில்லை. "ஏழுமலை அண்ணே" என்றார். மாஸ்டர் போய்க்கொண்டே இருந்தார். இன்னும் சத்தமாக, "ஏழுமலை அண்ணே."

மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். "அண்ண வேணாண்டா. அது சேந்தா எனக்கு ஒறைக்க மாட்டேங்குது. அவளே கூப்ட்டுட்டா, உனக்கு இன்னா?"

மூன்றாவது அண்டாவுக்கு முருகேசன் மொட்டையாகக் கூப்பிட்டார். கூப்பிட்ட கையோடு, கோயிலில் நிற்பவர்போல, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். சாமை உதிரி உதிரியாக வந்தது.

மரத்தை வெட்டி அகற்றியபின் மலை இறங்கினோம். பஸ்ஸில் அஞ்சலை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தார். "வாயில வந்துடுச்சு மேடம். அவருக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?" என்று கேட்டார். ஆயுசைப் பற்றித்தான் கேட்கிறார் என்று புரிந்தது. முன் சீட்டில் இருந்த மாஸ்டர் திரும்பாமலே பதில் சொன்னார்.

"இன்னிக்கு நீ சொல்லலன்னாதான் எனக்கு ஆயுசு முடிஞ்சிருக்கும். சும்மா வா."

6. பிள்ளைகளுக்கு

நெகிழ்வு என்றால் அது ஒரு தலைக்குள் மட்டும் இருக்கும் சமாச்சாரம் என்று நானும் படித்தேன், நீங்களும் படிக்கிறீர்கள். அடிபட்டவரின் தலையில் அது குறைந்துவிட்டால், சுற்றி நிற்பவர்கள் தங்களுடையதைக் கொஞ்சம் அவருக்குக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு அவர்களும் ஏதோ ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். அது மரியாதையாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், பழக்கமாக இருக்கலாம். நோயாளியைப் பழக்குவதைவிட அவர்களைப் பழக்க எனக்கு அதிக நாள் பிடித்தது. உங்களுக்கும் பிடிக்கும். பொறுமையாக இருங்கள். அவர்களிடம் கோபப்படாதீர்கள், அன்பினால்தான் வாய் திறக்காமல் நிற்கிறார்கள்.

செட்டு கலையவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு திருநாவலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாஸ்டர் அடுப்பில் நின்றார். பாயசத்துக்கு வெல்லம் போதாமல் சர்க்கரைக்கு மாற வேண்டியிருந்தது போலிருக்கிறது. "ஏழுமலை" என்று முருகேசன் கூப்பிட்டார். கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கமெல்லாம் விட்டுப்போயிருந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், மோர் கேட்டு வந்தவர், முகத்தைச் சுளித்தார். "இன்னாய்யா இது, மாஸ்டர இப்டியா பேர் சொல்லிக் கூப்புடுவ? மரியாதை வேணாம்?"

முருகேசன் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் பாயசத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அவன் அப்டிக் கூப்புடறதனாலதாங்க நான் இன்னும் மாஸ்டரா நிக்கிறன்."

பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மோரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.